பச்சைக் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை: நாங்கள் போன ரெட்டினா கிளினிக் எப்படி?

கொங்குப் பக்கம் ஒரு பெரிய கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்று தனியாக நடக்கும் ரெட்டினா கிளினிக்கைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடப் போவதில்லை, திட்ட வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. மருத்துவத்துக்கு ஐந்துக்கு ஐந்து, மற்ற ஏற்பாடுகளுக்கு இரண்டரை, அதுவும் அந்த நர்ஸுகளுக்காக. நீங்கள் எந்த ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இதில் உள்ளதை வைத்துக் கேள்வி கேட்கலாம், அதற்காகத்தான் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் பாப்பா 37 வாரம் முடிந்து பிறந்தவள். 2.7 கிலோ, பிறந்ததும் நன்றாக அழுதாள், ஆக்ஸிஜன் வைக்கவில்லை, என்ஐசியு பக்கமே போகவில்லை. இப்படிப் பிறந்த குழந்தையை விழித்திரை டாக்டரிடம் காட்டு என்று பொதுவாக யாரும் சொல்ல மாட்டார்கள். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ எடை 2 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ ஆர்ஓபி எனும் குறைமாத விழித்திரை நோய்க்குக் கட்டாயம் பார்க்கச் சொல்கிறார்கள், 34-லிருந்து 36 வாரத்துக்குள் பிறந்தவர்களில் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று, அதிக ஆக்ஸிஜன் என்று ஏதாவது இருந்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் இந்தக் கோடு 30 வாரம், ஒன்றரை கிலோ. இங்கே அதைவிடக் கனமான, வளர்ந்த குழந்தைகளுக்கும் ஆர்ஓபி வருவதால்தான் நாம் கோட்டை மேலே வைத்திருக்கிறோம், அதற்கு ஒரு முக்கியக் காரணம் பல இடங்களில் ஆக்ஸிஜனை அளந்து, கலந்து கொடுக்கும் வசதி இல்லாமல் அப்படியே திறந்து விடுவது. எப்படிப் பார்த்தாலும் எங்கள் பாப்பா எந்தக் கோட்டுக்குள்ளும் வரமாட்டாள்.

அவளை அங்கே அனுப்பியது எங்கள் குழந்தை டாக்டர், அதுவும் ஒரே ஒரு கேள்வியால். தடுப்பூசிக்குப் போனபோது, வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே பார்வை போயிருக்கிறதா என்று கேட்டார். என் நாத்தனார் மகனுக்கு எட்டாவது படிக்கும்போது ஒரு கண்ணில் விழித்திரை விலகி ஆபரேஷன் ஆகியிருந்தது. பந்து பட்டதால் வந்தது என்றுதான் அந்தக் குடும்பம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைக் கேட்டதும் வேறு எதுவும் பேசாமல் சீட்டு எழுதிவிட்டார்.

சரி, கிளினிக். காலை எட்டரைக்கு வரச் சொல்கிறார்கள், கேமரா அறை திறப்பது பதினொன்றுக்கு மேல். நடுவில் டோக்கன், ஃபைல் போடும் கவுன்ட்டர், பணம் கட்டும் கவுன்ட்டர், மறுபடி முதல் கவுன்ட்டர். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கும் கண்புரை ஆபரேஷனுக்கு வந்த தாத்தாக்களுக்கும் ஒரே வரிசை. தாய்ப்பால் கொடுக்க ஒரு தடுப்பு அறை இருக்கிறது, அதில் இரண்டு நாற்காலி, அதில் ஒன்றின் மேல் பழைய ஃபைல் கட்டு. பச்சைக் குழந்தைகளுக்காகவே நடத்தும் கிளினிக்கில் இதைக் கூடவா யோசிக்க மாட்டார்கள்? இத்தனைக்கும் பால் கொடுக்கும் நேரம் இந்தப் பரிசோதனைக்கு ரொம்ப முக்கியம். பரிசோதனைக்கு முன்னால் ஒரு மணி நேரமாவது பால் கொடுக்கக் கூடாது, வாந்தி எடுத்துப் புரையேறிவிடும். எந்த நேரத்தில் கூப்பிடுவார்கள் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தால் எதை வைத்துக் கணக்குப் போடுவது?

சொட்டு மருந்து போடும் நர்ஸ் வந்ததும் நிலைமை மாறியது. "பால் குடுத்து எவ்வளவு நேரமாச்சுங்க கண்ணு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு ஃபைலில் நேரத்தை எழுதிவிட்டுத்தான் சொட்டு போட்டார். கண்மணி விரிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும், இடைவெளி விட்டு இரண்டு மூன்று தரம் போடுகிறார்கள். பெரியவர்களுக்குப் போடும் மருந்தைப் பாதியாக நீர்க்கவைத்துத்தான் குழந்தைகளுக்குப் போட வேண்டும், கன்னத்தில் வழிந்ததை உடனே துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் வழியாக உள்ளே போய் இதயத் துடிப்பையும் வயிற்றையும் தொந்தரவு செய்யும் என்று அவரே சொன்னார். கேட்காமலே சொன்னார், அதுதான் பெரிய விஷயம். வேறு இடத்தில் காட்டுகிறவர்கள் இந்த இரண்டையும் வாய் திறந்து கேளுங்கள்.

பரிசோதனை பார்க்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது. துணியில் இறுக்கிச் சுற்றி, மரத்துப்போகும் சொட்டு போட்டு, இமையை விரித்து வைக்கும் சின்னக் கம்பியை மாட்டி, கண்ணின் மேல் ஜெல் தடவி, அதன் மேல் கேமராவின் முனையை வைக்கிறார்கள். நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் இரண்டு சொட்டு விடுகிறார்கள், வலி குறைவதற்கு. பாப்பா கத்திய கத்தலில் வெளியே இருந்த என் அம்மா கதவைத் தட்டிவிட்டார். அம்மாவை மட்டும் உள்ளே விடுவார்கள், பாட்டிகளுக்கு அனுமதி இல்லை. நியாயமான விதி என்றுதான் சொல்வேன். இரண்டு கண்ணுக்கும் சேர்த்துச் சில நிமிடம்தான் ஆனது, துணியைப் பிரித்ததும் அழுகை நின்றது. இமை கொஞ்சம் வீங்கியிருந்தது, வெள்ளை விழி சிவந்திருந்தது, மறுநாள் சரியாகிவிட்டது. அன்று சாயங்காலம் வரை பால் சரியாகக் குடிக்கவில்லை, அதுவும் சொட்டு மருந்தால் வரக்கூடியதுதானாம்.

இந்த அகலக் கேமராதான் இங்கே நாங்கள் கொடுக்கும் பணத்துக்கு அர்த்தம். சாதாரணமாகக் குழந்தை டாக்டர்கள் டார்ச் மாதிரி ஒன்றை வைத்துக் கண்மணியில் சிவப்பு வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்களே, அது எல்லாக் குழந்தைக்கும் செய்ய வேண்டிய நல்ல பரிசோதனை, கண்புரையோ பெரிய கட்டியோ இருந்தால் பெரும்பாலும் மாட்டிவிடும். ஆனால் விழித்திரையின் ஓரத்தில் நடப்பது அதில் தெரியாது. இந்தக் கேமரா ஒரே படத்தில் சுமார் 120 டிகிரி அகலத்துக்குப் பிடிக்கிறது, கண்ணைப் பக்கவாட்டில் திருப்பி இன்னும் ஓரமாகப் பிடிக்கிறார்கள். முன்பு ரெட்கேம் என்ற வெளிநாட்டு இயந்திரம்தான், விலையைக் கேட்டால் தலை சுற்றும். இப்போது பெங்களூரில் ஒரு கம்பெனி இதே வேலைக்கு நியோ என்ற கேமராவைச் செய்கிறது. படம் எடுக்கிறவர் டாக்டராக இருக்க வேண்டியதுகூட இல்லை. கர்நாடகத்தில் 2008-லிருந்து பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கிராமப்புற மருத்துவமனைகளுக்கே கேமராவைக் கொண்டுபோய்க் குறைமாதக் குழந்தைகளைப் படம் எடுத்து, டாக்டர் வேறு ஊரிலிருந்து பார்த்துச் சொல்லும் திட்டம் நடக்கிறது.

டாக்டர் படத்தைப் பெரிய திரையில் போட்டு எங்களை உட்கார வைத்து விளக்கினார். வயிற்றில் நாலாவது மாதம், 16 வாரம் போல, கண் நரம்பு தொடங்கும் இடத்திலிருந்து ரத்தக் குழாய்கள் விழித்திரையில் பரவ ஆரம்பிக்கின்றன. மூக்குப் பக்க ஓரத்தை 36 வாரம் போலத் தொட்டுவிடும், காதுப் பக்கம் தூரம் அதிகம், அது முடிய 40 வாரம் ஆகும். அதனால் 37 வாரத்தில் பிறந்த குழந்தைக்குக் காதுப் பக்க ஓரத்தில் கொஞ்சம் வெறுமையாக இருப்பது இயல்பு. எங்கள் பாப்பாவுக்கு இருந்தது அந்தக் கொஞ்சம் இல்லை. குழாய்கள் பாதி வழியிலேயே நின்றுபோய், அந்த எல்லையில் நெருக்கமாக, நேர்நேராகக் கிளைத்திருந்தன. வலது கண்ணில் அதிகம், இடதில் குறைவு. "கடைமடைக்குத் தண்ணி போகலைங்க, அங்க இருக்கிற பயிர் தண்ணி கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். அந்தக் கேட்பு ஒரு ரசாயனமாம், விஇஜிஎஃப் என்று பெயர். அது அதிகமானால் பலவீனமான புதுக் குழாய்கள் முளைத்து, கசிந்து, வடுவாகி, விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடும். நாத்தனார் மகனுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம், பந்துக்கு அதில் பங்கு இருந்ததா இல்லையா என்று இனிமேல் யாரும் சொல்ல முடியாது.

நோயின் பெயர் எஃப்இவிஆர். ஃபெமிலியல் எக்ஸுடேட்டிவ் விட்ரியோரெட்டினோபதி, அதாவது குடும்பவழியாக வரும் விழித்திரை ரத்தக் குழாய் நோய். 1969-இல் கிரிஸ்விக், ஷெப்பன்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் முதலில் எழுதினார்களாம், பார்க்க அச்சு அசலாக ஆர்ஓபி மாதிரியே இருக்கிறதே, ஆனால் இவர்கள் நிறைமாதத்தில் பிறந்தவர்கள் ஆயிற்றே என்று. குறைமாத நோய் பெரும்பாலும் பிறந்து சில மாதங்களில் ஒரு முடிவுக்கு வந்துவிடும், இது அப்படி இல்லை, வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டுத் திரும்பவும் கிளம்பலாம். ஆகவே ஒரு தரம் சிகிச்சை செய்து ஃபைலை மூடுகிற விஷயமே இல்லை என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு அன்று அது கசந்தது, ஆனால் இனிக்கப் பேசி அனுப்பாமல் விட்டதற்கு இன்று நன்றி சொல்கிறேன்.

பெஞ்சில் கேட்டதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓரளவு மாதம் முடிந்து பிறந்த குழந்தைகளுக்கு எஃப்இவிஆர் மட்டும்தான் வரும் என்று நினைத்துவிடக் கூடாது. பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு வேக்குவம் வைத்து எடுத்த சுகப்பிரசவம், குழந்தையின் விழித்திரையில் அங்கங்கே ரத்தக் கசிவு. அந்தப் படத்தைப் பார்த்து அவர் அழுதுவிட்டார். டாக்டரோ, பிரசவ அழுத்தத்தில் நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான், பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே போய்விடும் என்று சொல்லி மறு தேதி மட்டும் கொடுத்து அனுப்பினார். இன்னொருவருடைய இரட்டைக் குழந்தைகள் 35 வாரம், இரண்டும் 2 கிலோவுக்கு மேல், ஆனால் ஒன்றுக்கு மூச்சுத் திணறி நாள்கணக்கில் ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், அதற்கு மட்டும் ஆர்ஓபி தொடக்கம். பிறந்து 30 நாளுக்குள் கண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்ற கணக்கு அந்த மாதிரிக் குழந்தைகளுக்குத்தான். அப்புறம் பெண் குழந்தைக்குப் பிறந்த உடனே தோலில் வரிசையாகக் கொப்புளம் வந்தால் அதோடு சேர்ந்து விழித்திரைக் குழாய்களும் கெடுகிற ஒரு பரம்பரை நோய் உண்டு, தோல் டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டு நிற்காதீர்கள் என்று சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார்கள். நல்ல அட்டை. அதை கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒட்டியவர் யாரென்று தெரியவில்லை.

இந்த இடத்துக்கு நான் ஐந்து மதிப்பெண் கொடுப்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. குழந்தையைப் பார்த்த அன்றே எங்கள் இருவர் கண்ணையும் பார்க்க வேண்டும் என்றார்கள். மரபணுவைச் சுமக்கிற பெற்றோர் பலருக்கு வாழ்நாள் முழுக்கப் பார்வையில் ஒரு குறையும் தெரியாதாம், ஓரத்தில் மட்டும் குழாய் இல்லாத பட்டை இருக்கும், வெறும் கண்ணாடிக் கடைப் பரிசோதனையில் அது தெரியவே தெரியாது. என் கணவருக்குக் கையில் ஊசி வழியாக மஞ்சள் சாயம் ஏற்றி ஆஞ்சியோ படம் எடுத்தார்கள். அவருக்குக் குமட்டியது, தோல் மஞ்சளித்தது, ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, இதெல்லாம் முன்கூட்டியே சொன்னதால் பயப்படவில்லை. படத்தில் அவருடைய வலது கண்ணில் காதுப் பக்கம் அதே வெறும் பட்டை. முப்பத்து மூன்று வருடமாகக் கண்ணாடிகூடப் போடாத மனிதர், லாரி ஓட்டுகிறவர். அவருக்கு இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், வருடா வருடம் காட்டினால் போதும் என்றார்கள். குழந்தையின் நோய் ஆர்ஓபியா எஃப்இவிஆரா என்ற சந்தேகம் பெரும்பாலும் அவர் படத்தில்தான் தீர்ந்தது. நாங்கள் இரண்டாவது கருத்துக்காகப் போன வேறு ஒரு இடத்தில் பெற்றோர் கண்ணைப் பார்க்கும் பேச்சே எடுக்கவில்லை, குழந்தைக்கு ஒரு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு மாதத்தை நாங்கள் கொடுக்கவில்லை.

வீட்டில் இதனால் ஒரு பஞ்சாயத்து. "சொந்தத்துல கட்டுனாத்தானே இதெல்லாம் வரும், நாமதான் அசல்ல எடுத்தோமே" என்று அத்தை வாதாடினார். கிளினிக்கில் பரம்பரை நோய் பற்றி ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் பெண் ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவருக்கே விளக்கினார். சொந்தத்தில் கட்டினால் வருகிற வகையும் இதில் உண்டு, ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் அப்பா அம்மா இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து ஒரு மரபணு வந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருமகளைக் குறை சொல்ல வாய்ப்பே இல்லாமல் போனதில் அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன். அந்தக் கவுன்சிலருக்குச் சம்பளத்தை ஏற்றிக் கொடுங்கள் ஐயா. ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எஃப்இசட்டி4, எல்ஆர்பி5, டிஎஸ்பிஏஎன்12 என்று லாரி நம்பர் மாதிரிப் பெயர்கள், முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். இந்தப் பட்டியலில் எதுவுமே சிக்காத குடும்பங்கள் ஏராளம், எனவே ரத்த முடிவு சுத்தமாக வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை என்பதைப் பணம் கட்டும் முன்பே சொன்னார்கள். பணம் கட்டிய பிறகு சொல்லும் இடங்களையே பார்த்துப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியம்.

பாப்பாவுக்கு மயக்கம் கொடுத்து ஆஞ்சியோவும் அதே மயக்கத்தில் லேசரும் செய்தார்கள். இதையும் கேட்டு வாங்குங்கள், இரண்டு தடவை மயக்கம் தேவையில்லை. தாய்ப்பாலை நாலு மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும், அந்த நாலு மணி நேரம் நான் பட்ட பாடு எழுதி முடியாது. லேசர் என்றால் வெட்டுவதோ தைப்பதோ இல்லை, டாக்டர் தலையில் மாட்டிய கருவியிலிருந்து கண்மணி வழியாகக் குழாய் போகாத அந்த ஓரப் பகுதியில் புள்ளி புள்ளியாகச் சுடுகிறார்கள், அந்தப் பகுதி ரசாயனத்தைச் சுரப்பது அடங்கிவிடும். பார்வைக்கு முக்கியமான நடுப்பகுதியைத் தொடுவதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு இப்போது கண்ணுக்குள் ஊசி போடுவதும் சாதாரணமாகிவிட்டதே, இவளுக்கும் அது ஆகாதா என்று கேட்டோம். ஊசியின் வேலை கொஞ்ச காலம்தான், குழாய் போகாத பகுதி அப்படியே இருக்கும், நார்ப்படலம் உள்ள கண்ணில் ஊசி அதைச் சுருக்கி விழித்திரையை இழுக்கிற ஆபத்தும் உண்டு, எனவே இவளுக்கு லேசர்தான் என்றார்கள். இமை வீக்கம் சில நாள், சொட்டு மருந்து சில நாள். அடுத்த படத்தில் கசிவு நின்றிருந்தது. இனிமேல் கிட்டப்பார்வை வரலாம், சின்ன வயதிலேயே கண்ணாடி போட வேண்டியிருக்கலாம், ஒரு கண்ணுக்கும் இன்னொரு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் இருந்தால் சோம்பல் கண் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குத் தனித் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

பண விஷயம். படம் எடுக்க வாங்குவது நியாயமான தொகை. லேசருக்கு அவர்கள் முதலில் சொன்னதும் பில்லில் வந்ததும் ஒன்றல்ல, மயக்க டாக்டர் கட்டணத்தைத் தனியாகச் சேர்த்திருந்தார்கள், கேட்டதும் "அது தனிங்க, எப்பவுமே தனிதான்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர், எப்போதுமே தனி என்றால் எப்போதுமே முன்னால் சொல்லலாமே. எங்கள் இன்ஷூரன்ஸில் பிறந்து 90 நாள் ஆகாத குழந்தைக்கு எதுவும் கிடையாது, பல பாலிசிகள் அப்படித்தான், பிரசவத்துக்கு முன்பே உங்கள் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். குறைமாத ஆர்ஓபி என்றால் குழந்தைகளைப் பரிசோதித்துச் சிகிச்சைக்கு அனுப்பும் அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, நிறைமாதக் குழந்தையின் இந்த நோய்க்கு அப்படி எழுதி வைத்த வழி எதையும் எங்களுக்கு யாரும் காட்டவில்லை.

வெளியே வரும்போது ஒரு தமிழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள், அடுத்த தேதியைச் சொன்னார்கள், வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொன்னார்கள் என்று. வரிசையில் சிலர் இதற்கு முகம் சுளித்தார்கள், மருத்துவமனை தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று. இருக்கட்டுமே. சென்னையில் 1996-இல் 29 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குக் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று அரசு மருத்துவமனையில் யாருமே சொல்லாமல் விட்டு, பார்வை போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2015-இல்தான் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு என்று தீர்ப்பானது. படிவம் பிறந்த கதை அதுதான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் வாயால் சொல்லிவிட்டோம் என்பதைவிடத் தாளில் இருப்பது எங்களுக்கும் நல்லதுதான். குறை என்னவென்றால் அந்தப் படிவம் மட்டும்தான் தமிழில், ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலத்தில், படங்களைக் கேட்டால் கறுப்பு வெள்ளை பிரின்ட் தருகிறார்கள். ரத்தக் குழாய் நோயைக் கறுப்பு வெள்ளையில் பார்த்து வேறு ஊர் டாக்டர் என்ன செய்வார்? வற்புறுத்திக் கேட்டால் பென்டிரைவில் போட்டுத் தருகிறார்கள், பென்டிரைவ் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

போகிறவர்களுக்கு: செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், அன்று வெளியூர் முகாமிலிருந்து வேனில் ஆட்களைக் கொண்டுவருகிறார்கள், கூட்டம் தாங்காது. குழந்தைக்கு இரண்டு செட் துணி, பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டில் யாருக்கெல்லாம் எந்த வயதில் கண்ணில் என்ன ஆனது என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதியது, இவை போதும். அந்தத் தாளை டாக்டர் உண்மையிலேயே படிக்கிறார்.

நாத்தனாருக்கு மகன் தவிர ஐந்து வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். அவளுக்கு ஒன்றும் இல்லை, டிவியெல்லாம் நன்றாகத்தான் பார்க்கிறாள் என்று இத்தனை நாளாகத் தள்ளிப்போட்டார்கள். தன் தம்பியின், அதாவது என் கணவரின், ஆஞ்சியோ படத்தைப் பென்டிரைவிலிருந்து போட்டுக் காட்டியதும் நாத்தனார் மறுபேச்சு பேசவில்லை, பாப்பாவின் அடுத்த தேதிக்கே அவளுக்கும் டோக்கன் சொல்லியாகிவிட்டது.